ஜெராய் மலையில் பின்பக்கமாக இறங்கியது

போனது நாலு உயிர். நான். என் மனைவி பாக்கியம். அவளுடைய அத்தை மகன் ரத்தினம். ரத்தினத்தின் நாய்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம். பீடோங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் எங்களுக்கு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றாலே ஜெராய் மலை தெரியும். அதன் தலையில் மேகம் உட்கார்ந்தால் மழை என்போம், பால்வெட்டு நிற்கும். அதற்கு மேல் அந்த மலையோடு எங்களுக்குப் பேச்சு கிடையாது. ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

போன காரணத்தைச் சொல்ல வேண்டும். ரப்பர் வாங்க ஆள் இல்லை. அரிசி இல்லை. சயாம் ரயில் பாதை போடத் தோட்டத்திலிருந்து முதல் கூட்டத்தை ஜப்பான்காரன் பிடித்துப் போய்விட்டான். ஒருத்தரும் திரும்பவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் இருப்பேன் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில் ரத்தினம் மலையில் ஓர் இடம் கண்டுவைத்திருந்தான். அருவிக்கு மேலே சமதரை, பக்கத்தில் ஊற்று. மரவள்ளி நடலாம், குடிசை போடலாம், யாரும் தேடி வரமாட்டார்கள்.

"வந்து பாருங்க அண்ணே. பிடிச்சிருந்தா ரெண்டு பேரும் வந்துருங்க" என்றான்.

அவனும் அங்கேதான் இருக்கப்போகிறான்.

சயாமுக்குப் போனால் சாவு. மலைக்குப் போனால் ரத்தினம் பக்கத்து வீடு. எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

ரத்தினம் பாக்கியத்துக்கு முறை மாப்பிள்ளை. அவனுக்குத்தான் அவளைக் கொடுத்திருக்க வேண்டும். அப்போது அவன் செர்டாங்கில் ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்து வேலையில் இருந்தான், கையில் ஒன்றும் இல்லை. மாமனார் எனக்குக் கொடுத்தார். அப்படி வெளியே கொடுத்தால் முறை மாப்பிள்ளைக்கு வேட்டியும் வெற்றிலையும் வைத்துச் சம்மதம் கேட்பது வழக்கம். கேட்டோம். சரி என்று வாங்கிக்கொண்டான். அந்த வேட்டியைத்தான் இன்னும் கட்டுகிறான். வேறு வேட்டி இல்லை என்பான். துணி கிடைக்காத காலம், உண்மைதான். என் இடுப்பில் கோணிச்சாக்கு. பாக்கியம் என்னை "ஏங்க" என்பாள். அவனை "மாமா" என்பாள்.

ஜப்பான் மணி ஏழுக்குப் புறப்பட்டோம். பழைய மணிக்கு ஐந்தரை. இன்னும் விடியவில்லை. பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் பாதையில் ஐந்து மைல். திகாம் பத்து என்ற ஊர் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் மெர்போக்குக்குக் கூரை வேய நிப்பா ஓலை ஏற்றப் போனார். மூன்று பேருக்கு ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டில் மூன்று வெள்ளி கேட்டார்.

"நாய்க்கு ஒரு வெள்ளி" என்றார்.

"அது நடந்து வரும்லா" என்றான் ரத்தினம்.

பொழுது விடிந்ததும் வண்டிக்காரர் திரும்பி எங்களை நன்றாகப் பார்த்தார். ரத்தினம் வேட்டியோடு முன்னால் இருந்தான். நான் சாக்கோடு பின்னால்.

"வீட்டுக்காரரு வெள்ளை வேட்டி கட்டிருக்காரு. குடுத்துவச்சவ நீ" என்று பாக்கியத்திடம் சொன்னார். "பின்னால யாரும்மா, வேலையாளா?"

ரத்தினம்தான் சொன்னான்: "அவருதாண்ணே மாப்பிள்ளை. நான் நாய்க்குச் சொந்தக்காரன்."

பாக்கியம் சிரித்தாள். சிரிப்பு ஒன்று என்று மனதில் எண்ணி வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு மலையடிக் கம்பம், மலாய்க்காரர் கிராமம். அங்கே பாக் சாலே என்ற மலாய்ப் பெரியவர் அவித்த மரவள்ளி விற்றார். ஒரு துண்டு ஐம்பது காசு. உப்பு கேட்டால் சிரித்தார். உப்பு யாரிடமும் இல்லை. மதியம் திரும்பியதும் இறங்கிவிடுங்கள், காபுத் வரும் என்றார். மூடுபனியை அப்படித்தான் சொல்வார்கள்.

பாதை ஆற்றோரமாகத் தொடங்குகிறது. தண்ணீர் கண்ணாடி போல் இருக்கிறது, காலை வைத்தால் எலும்பு வரை குளிர்கிறது. வீடு உயரப் பாறைகள் ஆற்றில் கிடக்கின்றன. அரை மைல் போனால் அருவி. மூன்று தட்டாக விழுகிறது. கீழ்த்தட்டில் குளிக்கலாம். பேசினால் கேட்காது. ரத்தினம் பாக்கியத்தின் காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. அவள் சிரித்தது தெரிந்தது.

அருவிக்குப் பக்கவாட்டில் செங்குத்தாக ஏற வேண்டும். வேரைப் பிடித்துத்தான் ஏறலாம். பிரம்பு முள் சட்டையை விடாது. அட்டை நிறைய, புகையிலை இருந்தால் கொண்டுபோக வேண்டும். ரத்தினம் முன்னால். பாக்கியம் நடுவில். நான் கடைசி. அவள் வழுக்கினால் அவன் கைதான் பக்கத்தில் இருந்தது.

"பாதை எனக்கு மனப்பாடம்ணே. கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவேன்" என்றான்.

நம்பப் பிடிக்கவில்லை. மடியில் பால்வெட்டுக் கத்தி இருந்தது. நாலைந்து மரத்துக்கு ஒன்றாக ஒரு கீறல் போட்டுக்கொண்டே போனேன். இடது மேலே, வலது கீழே, தோட்டத்தில் போடுவது போலவே.

"அண்ணனுக்கு மலையிலயும் பால் வேணுமாம்" என்றான். அவள் அதற்கும் சிரித்தாள்.

பதினொன்றரைக்கு மரங்கள் குட்டையாகின. பாசி தொங்கியது. பாறை இடுக்கில் ஒரு செடி, இலை நுனியில் மூடி போட்ட சிறு பானை. உள்ளே தண்ணீர், செத்த எறும்பு. குரங்குப் பானை என்று மலாய்க்காரர் சொல்வார்கள் என்றான் ரத்தினம். அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அந்த இடம். பெரிய பாறை ஒன்று முற்றம் போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நின்றால் கீழே மெர்போக் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது. கடலுக்கு அப்பால் பினாங்கு. இந்தப் பக்கம் தோட்டங்கள், கோடு போட்டதுபோல் நிரை நிரையாக. எங்கள் லயம் ஒரு தீப்பெட்டி அளவு. பாறைக்குப் பின்னால் சமதரை. மண் கறுப்பு. கையில் எடுத்துப் பிசைந்தேன், நல்ல மண். ஊற்றுத் தண்ணீர் இனிப்பு.

அழகான இடம். அவன் எனக்கு முன்னால் பார்த்துவிட்டான், அதுதான் குறை.

"இங்க அடுப்பு வைக்கலாம்" என்றாள் பாக்கியம்.

"அங்க என் குடிசை, இங்க உங்க குடிசை. குழம்பு வாசனை வந்தா தட்டோட வந்துருவேன்" என்றான்.

அவள் சிரித்தாள். நான் மரவள்ளியைத் தின்றேன்.

இரண்டு மணிக்குக் காபுத் வந்தது. வந்தது என்றால், கடல் இல்லை, பினாங்கு இல்லை, பத்தடி தள்ளி மரம் இல்லை. நாய் எங்களைப் பார்த்தது, கீழே பார்த்தது, போய்விட்டது. கூப்பிட்டும் வரவில்லை. ஊற்றிலிருந்து போகும் ஓடையோடு இறங்கினால் அருவியில் விழ வேண்டும். ரத்தினம் முன்னால் போனான். கொஞ்ச தூரத்தில் நின்றான். வலது பக்கம் போனான், திரும்பி வந்தான்.

"தெரியலண்ணே" என்றான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கவில்லை.

"என் கீறல் இருக்கு, வா" என்று முன்னால் போனேன். முதல் மரம், கீறல் இல்லை. அடுத்தது, இல்லை. எல்லா மரமும் சுத்தமாக நின்றன.

பாக்கியமும் பால்வெட்டுக்காரிதான். ஒரு மரத்தைச் சுற்றி வந்து அந்தப் பக்கம் கையால் தடவினாள்.

"இங்க இருக்குங்க. ஏறும்போது நீங்க பார்த்த பக்கம்தானே வெட்டுனீங்க?"

அப்படித்தான். தோட்டத்தில் நிரையை வெட்டி முடித்தால் திரும்ப முதல் மரத்துக்கு வந்து பால் எடுப்போம். எப்போதும் ஒரே திசை. மரத்தின் முதுகைப் பார்த்துப் பழக்கமில்லை. கீறல் எல்லாம் அடிவாரத்தைப் பார்த்து நின்றது. இறங்குகிறவனுக்குத் தெரியாது.

"நாங்க இந்த மரத்தடியில நிக்கிறோம். நீங்க எங்களைப் பார்த்துக்கிட்டே பின்னால இறங்குங்க. கீறல் தெரிஞ்சா கூப்பிடுங்க" என்றாள்.

திரும்பி நடந்தால் பனியில் அவர்களைத் தொலைத்துவிடுவேன். அதனால் மலையைப் பார்த்தபடி, பள்ளத்துக்கு முதுகு காட்டி இறங்கினேன். கீறல் கண்ட மரத்தில் நின்று கூப்பிட்டேன். அவர்கள் வந்து நின்றார்கள். மறுபடி நான். காலை முழுக்க அவர்கள் முதுகைப் பார்த்து ஏறியவன், இப்போது அவர்கள் முகத்தைப் பார்த்து இறங்கினேன்.

ரத்தினம் பாக்கியத்தைப் பார்க்கிறானா என்றுதான் பார்த்தேன். பார்த்தான், சிலசமயம். பாக்கியம் அவனைப் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்தாள்.

"இடது கால், வேர் இருக்கு. இன்னும் கொஞ்சம். பாறை, பாறை. நில்லுங்க. இப்ப வைங்க."

வழி முழுக்க அதே பேச்சு. குரல் கட்டிப்போனது, நிறுத்தவில்லை.

அருவிச் சத்தம் கேட்டபோது தைரியம் வந்து வேகமாக வைத்தேன். பின்பக்கமாகச் சேற்றில் விழுந்து சறுக்கி, பிரம்புப் புதரில் போய் உட்கார்ந்தேன். சாக்கு ஒரு பக்கம் கிழிந்தது. பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. பிறகு ரத்தத்தைப் பார்த்து ஓடி வந்தாள். குதிகால் கிழிந்திருந்தது. ரத்தினம் வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு முழம் கிழித்தான்.

"அந்த வேட்டிய எதுக்குக் கிழிக்கிற?" என்றேன்.

"வேற துணி யாருகிட்டண்ணே இருக்கு?" என்று சொல்லிக் கட்டினான். இறுக்கமாகத்தான் கட்டினான்.

ஐந்து மணிக்கு அடிவாரம். நாய் பாக் சாலே வாசலில் மரவள்ளித் தோல் தின்றுகொண்டிருந்தது.

"என்னண்ணே, வர்றீங்களா?" என்றான் ரத்தினம்.

மலையைத் திரும்பிப் பார்த்தேன். மேகத்துக்குள் இருந்தது.

"வர்றோம். உன் குடிசை ஊத்துக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

"சரிண்ணே."

"வாசலை கடலைப் பார்த்து வை. எங்க பக்கம் வேணாம்."

"சரிண்ணே" என்றான். இம்முறை அவனும் சிரிக்கவில்லை.

தோட்டத்து மரம் நிரையில் நிற்கும், எங்கே நின்றாலும் வழி தெரியும். மலையில் அப்படி இல்லை. யாராவது சொன்னால்தான் கால் வைக்கலாம். போகிறவர்கள் மரத்தின் இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு போகவும்.

அன்றைக்கு ரத்தினத்தின் பேச்சுக்குப் பாக்கியம் சிரித்தது நாலு. எனக்கு, ஒன்று.