அம்மாவுக்கு ஒரு மிலிட்டரி பேக்

நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருஷம், அம்மாவுக்கு மலையேற வேண்டும் என்று ஆசை வந்தது. திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு மலை ஓர் அதிசயமல்ல. மாடியில் துணி உலர்த்தும்போதும் மலை, பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மலை. ஆனால் அதைச் சுற்றி வருவதுதான் எங்களுக்கு வழக்கம். அம்மா ஏற நினைத்ததோ ஜவ்வாது மலை. அதுவும் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல. சும்மா, ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கிவிட்டு வருவதற்கு.

அம்மா வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் அக்கா, லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவாளாம். ஜமுனாமரத்தூரைத் தாண்டி அவளுடைய சொந்தக்காரர்களுக்கு நிலம் இருந்தது. சனிக்கிழமை போய் அங்கே டென்ட் போட்டுத் தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்பலாம், குடும்பத்தோடும் வரலாம் என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவள் சொல்ல, முதலில் கையைத் தூக்கியது அம்மாதானாம். வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்த அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நிலத்துக்கு ஏற்ற இறக்கமான பாதையில் நடக்க வேண்டும். கொண்டுவருவதெல்லாம் முதுகில் இருக்க வேண்டும், கைகள் இரண்டும் சும்மா இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பைகளுக்குப் பஞ்சமே கிடையாது. கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு தந்த மஞ்சள் பைகள், துணிக்கடைப் பைகள், ஒயர்கூடை, சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் என்று பரண் நிறையக் கிடந்தன. முதுகில் மாட்டுகிற பை என்று நினைவுக்கு வந்தது என்னுடைய ஸ்கூல் பேக் ஒன்றுதான். சூட்கேஸையே எடுத்துக்கொண்டு போகலாம், அதில்தான் சக்கரம் இருக்கிறதே என்றார் அப்பா. அவர் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சக்கரத்தின் மேல் அவருக்கு எப்போதும் நம்பிக்கை. மலையில் அது எங்கே உருளும் என்று அம்மா கேட்டாள்.

ஆகவே அந்த வாரம் மூன்று பேரும் கடைவீதிக்குப் போனோம்.

முதலில் தேரடித் தெருவில் ஏசி போட்ட பேக் கடை. அங்கே மலையேறுபவர்களுக்கென்றே பைகள் கண்ணாடிக்குள் தொங்கின. அப்பா ஒன்றின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சூடான பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல மெதுவாகப் பழைய இடத்திலேயே விட்டார். அடுத்தது நடைபாதைக் கடை. விலை கம்மிதான், ஆனால் அம்மா ஜிப்பை ஒருமுறை இழுத்ததுமே அதன் நாக்கு அவள் கையோடு வந்துவிட்டது. கடைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே அதை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அம்மா முன்னால் நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் காக்கிச் சட்டை, பெல்ட், தொப்பி, பூட்ஸ் விற்கும் யூனிபார்ம் கடை ஒன்று இருந்தது. போலீஸ்காரர்களும் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்களும்தான் அங்கே நிற்பார்கள். அதன் வாசலில், பூட்ஸ் வரிசைக்கு மேலே, மிலிட்டரி மாடல் பைகள் தொங்குவதை அம்மாதான் பார்த்தாள்.

கடைக்காரர் அப்பாவைப் பார்த்து, எந்தப் படையில் இருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டாரே தவிர மறுக்கவில்லை. அம்மா முன்னால் வந்து, "பேக்கு எனக்குங்க" என்றாள். கடைக்காரர் அம்மாவின் புடவையைப் பார்த்தார். பிறகு கொக்கிக் கம்பை எடுத்துப் பைகளை இறக்கினார்.

எனக்கு ஒன்று உடனே பிடித்துப்போயிற்று. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக, தொட்ட இடமெல்லாம் ஒரு குட்டி அறை திறக்கிற பை. அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். அம்மா அதைத் தள்ளி வைத்தாள்.

"இது வேணாம். காட்டுல ஒரு இடத்துல வெச்சா அப்புறம் நாமளே தேடணும்."

கடைக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். திட்டுகள் இல்லாத ஒற்றைப் பச்சை நிறப் பையைத் தானே தேடி எடுத்துத் தந்தார். அம்மா அதை அரிசி வாங்குவதைப்போல் பார்த்தாள். தோள்வாரின் அகலத்தை உள்ளங்கையால் அளந்தாள். உட்பக்கத்தைப் புரட்டித் தையல் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தாள். ஜிப்பை ஏழெட்டு முறை இழுத்து மூடினாள். இடுப்பில் கட்டும் பெல்ட் எதற்கு என்று கேட்டாள். அதைக் கட்டினால் பாரம் தோளில் விழாமல் இடுப்புக்கு இறங்கிவிடும் என்றார் கடைக்காரர். காலிப் பையை மாட்டிப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது என்று அம்மா கேட்டாள். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அலமாரியிலிருந்து போலீஸ் பூட்ஸ்களை எடுத்து ஜோடி ஜோடியாக உள்ளே அடுக்கினார்.

அம்மா பையை மாட்டி, இடுப்பு பெல்ட்டைப் புடவை மேலேயே இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். சாயங்கால நேரம், கூட்டம் ஜாஸ்தி. பூ விற்கிறவர்களும் ஆட்டோக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பையைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். அம்மா வேகமாக நடந்தாள். பூட்ஸ் போய்விடுமோ என்ற கவலையில் கடைக்காரர் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால், இவர்கள் யாரென்றே தெரியாதவரைப்போல அப்பா.

அப்போது எதிரே என் வகுப்பு டீச்சர் வந்தார். எனக்கு அந்த பூட்ஸ்களில் ஒன்றுக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அம்மாவோ கொஞ்சமும் கூச்சப்படாமல் வணக்கம் சொல்லிவிட்டு, ஜவ்வாது மலைக்குப் போவதையும், டென்ட்டையும், இடுப்பு பெல்ட்டின் உபயோகத்தையும் விளக்கினாள். டீச்சர் கவனமாகக் கேட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நான் ஒரு தடவ மாட்டிப் பாக்கட்டுங்களா?"

வகுப்பில் சிரித்தே நான் பார்த்திராத டீச்சர், முதுகு நிறைய பூட்ஸோடு கரும்புச் சாறு வண்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வரும்போது முகம் சிவந்திருந்தது. "பாரமே தெரியலைங்க" என்றார். அதன் பிறகு கடைக்காரர் விலையில் பிடிவாதம் காட்டவில்லை. பை எங்கள் வீட்டுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கட்டில்மேல் திறந்து வைத்துவிட்டு அம்மா சமையலறைக்குள் போயிருந்தாள். நானும் அப்பாவும் அதற்குள் எட்டிப் பார்த்தோம். கிணறுபோல இருந்தது. அப்பா தன் லுங்கியையும் துண்டையும் போட்டார். நான் என் ஸ்வெட்டர், தலையணை, ஸ்கிப்பிங் கயிறு எல்லாம் போட்டேன். டென்ட்டில் ஏதாவது கழன்றுவிட்டால் என்ன செய்வது என்று அப்பா ஸ்பேனரையும் கட்டிங் பிளேயரையும் வைத்தார். நான் முறுக்கு டப்பாவை வைத்தேன். அப்பா தண்ணீர் கேன் ஒன்றைப் பக்கவாட்டு வாரில் கட்டினார். கிரிவலம் போகும்போதெல்லாம் நாங்கள் செய்கிறதுதான். அப்பாவின் செல்போன், என் செருப்பு, மிச்சமான பொரி எல்லாமே பாதி வழியில் அம்மாவின் பைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டதில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உப்பிப்போய் நின்ற பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாக வெளியே எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அவள் வேகமாக எடுத்திருந்தால் கோபம் என்று தெரிந்துகொண்டிருப்போம். நிதானமாக எடுத்தாள்.

"இது என் பேக்கு. இதுல என்னோடது மட்டும்தான் வரும். உங்களோடத நீங்க தூக்கிக்குங்க."

"அவ்ளோ இடம் இருக்குதே" என்றார் அப்பா.

"இருக்கட்டுமே."

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. அப்படியென்றால் எங்களை எதற்குக் கூப்பிட வேண்டும், நீ மட்டும் போய்வா என்றார். இந்த மாதிரி அவர் சொன்னால் அம்மா இறங்கி வந்துவிடுவாள். எங்கள் சுற்றுலாக்கள் பலவும் இப்படித்தான் நடந்திருக்கின்றன, அல்லது நடக்காமல் போயிருக்கின்றன.

"சரிங்க, போறேன்" என்றாள் அம்மா.

எனக்கு மலை போயிற்று, டென்ட் போயிற்று என்று நினைத்தேன். அப்பா எழுந்து போய்ப் பரணில் எதையோ உருட்டினார். திரும்பி வந்தபோது அவர் கையில் என் மூன்றாம் வகுப்பு ஸ்கூல் பேக் இருந்தது. ரோஜா நிறம், நடுவில் ரிப்பன் கட்டிய பூனைக்குட்டி. தன் லுங்கியை அதற்குள் திணித்தார். ஸ்பேனரையும் விடவில்லை.

மறுநாள் போளூர் வழியாக மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். ஜமுனாமரத்தூரில் இறங்கி வேறு வண்டி பிடித்து, வண்டிப் பாதை முடிகிற இடத்திலிருந்து நடந்தோம். அலுவலகத்திலிருந்து இன்னும் சில குடும்பங்களும் வந்திருந்தன. அந்த அக்கா முன்னால் போக, அவளோடு ஒட்டியபடி அம்மா. சுடிதார், கேன்வாஸ் ஷூ, முதுகில் பச்சைப் பை. அவள் அவ்வளவு வேகமாக நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில், பூனைக்குட்டியைச் சுமந்துகொண்டு அப்பா. மாடு ஓட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள் அந்தப் பூனையைப் பார்த்துவிட்டு ஓடை வரைக்கும் எங்களுடனேயே சிரித்துக்கொண்டு வந்தார்கள். அப்பாவும் ஒரு கட்டத்தில் வெட்கப்படுவதை விட்டுவிட்டு, பூனைக்காக மியாவ் என்று கத்திக் காட்டினார்.

என் பையை நானே தூக்கினேன். பாதி வழியில் தோள் வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் நின்றாள், குனிந்தாள், என் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள், மறுபடி நடந்தாள். ஓடையைத் தாண்டும்போது பாறை வழுக்கியது. இரண்டு கைகளும் சும்மா இருந்ததால் அம்மா ஒரு கையால் என்னையும் மறு கையால் அப்பாவையும் பிடித்து அக்கரைக்கு இழுத்தாள். அப்பா கையை விடாமலேயே கொஞ்ச தூரம் நடந்தார்.

நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா ஏற்பாடு செய்திருந்த டென்ட்டின் கம்பி ஒன்று உண்மையிலேயே மாட்டாமல் தகராறு செய்ய, அப்பா பூனைப் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. எல்லா டென்ட்டையும் தானே போடுவேன் என்று கிளம்பிவிட்டார். ஒரு பக்கம் சாமை உப்புமா வெந்துகொண்டிருந்தது. பலாமரத்தடியில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவைத் தேடினேன்.

சற்று தள்ளி, சரிவு தொடங்குகிற இடத்தில், ஒரு பாறைமேல் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை. நான் போய் அதைத் திறந்து பார்த்தேன். ஒரு மாற்று உடை, ஒரு சால்வை, ஒரு சின்ன பிளாஸ்க். மிச்சமெல்லாம் காலி. இத்தனை பாடுபட்டு வாங்கிய பை பாதிக்கு மேல் காலியாகவே மலையேறி வந்திருந்தது.

"ஏம்மா, ஒண்ணுமே இல்ல?"

"ஆமா" என்றாள் அம்மா, உப்புமா நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னதுபோன்ற சந்தோஷத்தோடு.

சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்றேன். வருகிறேன், நீ போ என்றாள். வரவில்லை. நான் ஓடிப்போய், அம்மா நம்மேல் கோபமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பிளேயரைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தார்.

"கோவம் இல்ல. கொஞ்ச நேரம் விடு" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கீழே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாகிக்கொண்டிருந்தன. அம்மா பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றிக் குடித்தபடி, தொங்கவிட்ட கால்களை முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து காலாட்டினால் எங்கள் வீட்டில் எனக்குத் திட்டு விழும், திட்டுவது அம்மாதான். அவளே ஆட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.