தொண்ணூற்றாறு டயப்பர்

போன ஞாயிற்றுக்கிழமை காந்திகிராமத்திலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். என்னோடு கல்லூரியில் படித்தவர். ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு, மனைவியோடு ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் கிளம்புகிறாராம்.

“ஏப்பா, நீதான் கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு கனடா வரைக்கும் போயிட்டு வந்தவன்ல... டயப்பரு எம்புட்டு எடுத்துட்டுப் போகணும்?”

எனக்கு ஒரே பெருமை. இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறேன், இதுவரை யாராவது எதிலாவது என்னிடம் நிபுணர் கருத்து கேட்டிருப்பார்களா? உங்களையே கேட்கிறேன், நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன். “மொதல்ல கைப்பையில உனக்கு ஒரு பேன்ட் எடுத்து வை.”

“நான் கேட்டது டயப்பரு.”

“தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்.”

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

கனடாவில் என் அக்கா இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்று வாரம் அங்கே போய்வரத் திட்டமிட்டோம். நான், மனைவி ரம்யா, பையன் கவின். அப்போது அவனுக்கு இரண்டு வயதாக இரண்டு மாதம் பாக்கி. திருச்சியில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, அங்கிருந்து ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம்.

டிக்கெட் போட்ட அன்றே எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. பையன் வழியில் நனைத்துவிட்டால்?

லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. விமானம் தாமதமானால் கூடுதலாகக் கொஞ்சம். வயிறு சரியில்லை என்றால் இன்னும் கொஞ்சம். ஊர்சுற்றப் போகும் நாட்களுக்குத் தனியாக... கடைசியில் முப்பத்திரண்டு உள்ள பாக்கெட் மூன்று வாங்கி வந்தேன். மொத்தம் தொண்ணூற்றாறு. இருபது கைப்பையில், மிச்சம் பெட்டியில்.

“கனடாவுல பிள்ளைங்களே பொறக்கறதில்லையா?” என்றாள் ரம்யா.

“அந்த ஊர் டயப்பர் இவனுக்கு ஒத்துக்கலைன்னா?”

இதற்கு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். பொதுவாக நான் திட்டமிடும்போது அவள் துணி மடிப்பாள்.

டயப்பருக்கு எடை குறைவுதான். ஆனால் இடத்தை அடைக்கும். பெட்டியை மூட வேண்டும் என்றால் எதையாவது எடுத்தாக வேண்டும். அக்கா ஆசையாகக் கேட்டிருந்த நத்தம் புளி இரண்டு கிலோவை எடுத்து வெளியே வைத்தேன். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. வீடியோ காலில் ரசம் குடிக்கும்போதெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

அடுத்து கைப்பை. இருபது டயப்பர், ஈரத் துடைப்பான், பிஸ்கட், கவினுக்கு நான்கு செட் துணி. ரம்யா தனக்கு ஒரு சுடிதார் வைத்தாள். என் பேன்ட் ஒன்றையும் மடித்துக் கொண்டுவந்தாள்.

“உங்களுக்கும் ஒரு மாத்துத் துணி இருக்கட்டும்.”

“எனக்கு எதுக்கு? நானா டயப்பர் போட்டுக்கிட்டு வாரேன்?” என்று சொல்லி, அந்தப் பேன்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐந்து டயப்பரைச் செருகினேன்.

இந்த வசனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அமளிக்கு நடுவில் மும்தாஜ் அக்கா வந்தார். பேகம்பூரில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். ரம்யாவும் நானும் வேலைக்குப் போவதால், பகலெல்லாம் கவின் அவர் வீட்டில்தான். எங்கள் தெருவில் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஐந்து பேரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். கட்டிலில் மலையாகக் கிடந்த பாக்கெட்டுகளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“என்ன தம்பி, கடை வைக்கப் போறீகளா?”

“பிளைட்ல தேவைப்படும்க்கா.”

“யாருக்கு? இவனுக்கா? எங்கிட்ட வளர்ற பிள்ள ஒண்ணுகூட இத மாட்டுனதில்ல தம்பி. அவனக் கூட்டிட்டுப் போனா சமத்தாப் போயிட்டு வாரான். செத்த நேரத்துக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போங்க, போதும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பதாயிரம் அடி உயரத்தில், நடுவில் தள்ளுவண்டி மறித்து நிற்கும்போது, செத்த நேரத்துக்கு ஒருமுறை எங்கே கூட்டிப்போவது? பாவம், விமானத்தில் போகாதவர், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படியேதான் நினைத்தேன்.

கிளம்பும் அன்று காலை ஆறு மணிக்கு மும்தாஜ் அக்கா வழியனுப்ப வந்தார். அவரே கவினைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தார். அப்புறம் நான் டயப்பரை மாட்டினேன். முதல்முறை முன்பக்கம் பின்னால் போய்விட்டது. இரண்டாவது முறை வீடியோ பார்த்துச் சரியாக ஒட்டினேன்.

மணப்பாறையில் டீ குடிக்க நிறுத்தினோம். டயப்பரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

திருச்சி விமான நிலையம். தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

விமானம் ஏறி இரண்டு மணி நேரம் ஆன பிறகும் காய்ந்திருந்தது! பாக்கெட்டில் ‘பன்னிரண்டு மணி நேரம் உலர்வு’ என்று போட்டிருந்தார்கள். விளம்பரம் என்றாலே பொய் என்று நினைத்தது எவ்வளவு தப்பு!

“எப்படிங்க இம்புட்டு நேரம் நனையாமலே இருக்கு?” என்றாள் ரம்யா.

“உள்ள ஜெல் இருக்கு. அப்படியே உறிஞ்சிரும்” என்றேன், அந்த ஜெல்லை நானே கண்டுபிடித்த மாதிரி.

ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. பணிப்பெண் வந்து பக்கத்து சீட்காரருக்கு உயரத்திலிருந்து கப்பில் ஜூஸ் ஊற்றினார். அந்தச் சத்தம் கேட்டதும் கவின் நெளிந்தான். காலைப் பின்னிக்கொண்டான். பிறகு ஓவென்று அழுதான். பாவம், பிள்ளைக்குத் தாகம். இரண்டு கப் ஆப்பிள் ஜூஸ் வாங்கி முழுசாகக் குடிக்க வைத்தேன். அப்புறமும் அழுகை நின்றபாடில்லை. இன்னொரு கப் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

வளைகுடாவில் இறங்கியபோது, எங்கள் ஊர்க் கணக்கில் பிற்பகல் மூன்று மணி. அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. குழந்தைகளுக்கு உடை மாற்றும் அறைக்கு மூன்று பேரும் போனோம். ரம்யா டயப்பரைக் கழற்றிக் கையில் பிடித்தாள்.

“இதப் பிடிங்க.”

பிடித்தேன்.

“வெயிட் இருக்கா?”

இல்லை. பாக்கெட்டிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது.

“உறிஞ்சவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் போகவே இல்லைங்க.”

ஒன்பது மணி நேரம். அதற்கு நடுவில் இரண்டு கப் ஜூஸ் வேறு. அவன் அடிவயிற்றில் கை வைத்தேன். திம்மென்று இருந்தது. கை வைத்ததும் கத்தினான். பயம் என்றால் எனக்கு அப்போதுதான் வந்தது. மேலே பதினான்கு மணி நேரம் வானத்தில் போகவேண்டும். இந்த நிலைமையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதா?

அவனைத் தூக்கி டாய்லெட்டில் உட்கார வைத்தோம். உட்கார்ந்த அடுத்த நொடி அது தானாகவே ‘பர்ர்ர்’ரென்று பெரிய சத்தத்தோடு தண்ணீரை இழுத்தது. கவின் அலறிக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதற்கு மேல் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றுவிட்டான். வீட்டுப் பழக்கத்தில் ரம்யா குழாயைத் திறக்கக் கையை நீட்டினாள். சென்சார் குழாய். சத்தமே இல்லாமல் கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டு நின்றுபோனது.

“ஏறலாமா, வேணாமாங்க?” என்றாள் ரம்யா.

மருத்துவ மையம் எங்கே என்று வெளியே வந்து பார்த்தேன். கட்டடத்தின் மறுகோடியைக் காட்டியது போர்டு. எங்கள் வாயிலுக்கோ அழைப்பு ஆரம்பித்துவிட்டது. வேறு எதுவும் தோன்றாமல், இலவச வைஃபையைப் பிடித்து வாட்ஸ்அப்பில் மும்தாஜ் அக்காவைக் கூப்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சத்தம். திட்டா, பெருமூச்சா தெரியவில்லை.

“அதை இன்னும் மாட்டித்தான் வச்சிருக்கீகளா?”

“இப்பத்தான் கழட்டுனோம்க்கா.”

“அவனுக்கு அது டவுசர் தம்பி! டவுசர்ல போனாத் தப்புன்னு நாந்தானே சொல்லி வளத்திருக்கேன். ஏசுவீகன்னு பயந்துக்கிட்டு அடக்கிக்கிட்டு இருக்கு எந்தங்கம்...”

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது மணி நேரம் என் பிள்ளை நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறான். வயிறு வலிக்க வலிக்க, சொன்ன பேச்சைக் காப்பாற்றியிருக்கிறான். நான் டயப்பர் கம்பெனியைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

“இப்ப என்னக்கா செய்யறது?”

“ரெண்டு குவளை எடுங்க. ஒண்ணுல தண்ணி எடுத்து, மேல இருந்து இன்னொண்ணுல ஊத்துங்க. டீக்கடையில ஆத்துவாகள்ல, அது மாதிரி. அந்தச் சத்தம் கேட்டாத்தான் அவன் போவான். எங்க வீட்ல நான் ரெண்டு குவளை வச்சுத்தான் ஊத்துவேன்.”

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எங்கள் வீட்டுப் பாத்ரூமில் குழாய் பக்கெட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும், அதனால் எங்களுக்கு இந்த ரகசியம் தெரியவே இல்லை. விமானத்தில் ஜூஸ் ஊற்றிய சத்தத்துக்கு அவன் ஏன் துடித்தான் என்பதும் புரிந்தது. போகச்சொல்லிச் சத்தம் கேட்கிறது, போனால் தப்பு... பிள்ளை என்னதான் செய்வான்?

பக்கத்துக் காபிக் கடைக்கு ஓடினேன். இரண்டு காலி பேப்பர் கப் வேண்டும் என்றேன். அந்தப் பெண் என்ன காபி என்று கேட்டார். “நோ காபி, ஒன்லி கப்” என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அறைக்குத் திரும்பி, தரையில் வடிகால் இருந்த மூலையில் கவினை நிற்க வைத்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டு ரம்யா பிடித்துக்கொண்டாள். நான் அவனுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ஒரு கையை உயரத் தூக்கி, மறு கையைத் தாழ்த்தி, தண்ணீரை ஆற்ற ஆரம்பித்தேன்.

“இன்னும் மேல தூக்குங்க தம்பி, சத்தம் பத்தல” என்றது போன்.

தூக்கினேன்.

“கவினு... அத்தை வந்திருக்கேன்டா. டவுசரெல்லாம் கழட்டியாச்சு. போடா தங்கம், யாரும் ஏச மாட்டாக.”

கவின் போனைப் பார்த்தான். கப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகம் மெதுவாக இளகியது.

அப்புறம் போனான் பாருங்கள்... ஒன்பதே முக்கால் மணி நேரத்து இருப்பு! வடிகாலெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. நேர் எதிரே நான் உட்கார்ந்திருந்தேனா, முழங்காலில் ஆரம்பித்து மடி முழுக்க வந்து சேர்ந்தது. எழுந்திருக்கலாம்தான். எழுந்தால் தண்ணீர் ஆற்றுவது நின்றுவிடும், அவனும் நிறுத்திவிடுவான் என்று பயம். அசையாமல் ஆற்றிக்கொண்டே இருந்தேன். ரம்யா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்?

“போயிட்டானா?” என்றார் மும்தாஜ் அக்கா.

“போயிட்டான்க்கா.”

“அம்புட்டுத்தான். பிளைட்டுலயும் ரெண்டு மணிக்கு ஒருக்கா ஊத்துங்க. அந்தக் கருமத்த மாட்டாதீக.”

மாட்டவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அந்த மூன்று வாரமும் மாட்டவில்லை. அவ்வளவு யோசித்து, புளியை வெளியே எடுத்து வைத்து, எல்லாவற்றையும் எண்ணி எண்ணி அடுக்கினேன். யாருக்காக அடுக்குகிறேனோ, அவனுடைய வழக்கம் என்ன என்று அவனைத் தினமும் பார்த்துக்கொள்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவர் தானாகவே வந்து சொன்னபோதும் சிரித்தேன்.

கடைசி அழைப்பு வந்தது. ஓடினோம். வாயிலில் நின்ற அதிகாரி முதலில் கவினைப் பார்த்தார். பளிச்சென்று, உலர்ந்து, என் தோளில் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு என் பேன்டைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

சீட்டில் உட்காரும் முன் கைப்பையைத் திறந்தேன். ரம்யா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் பதினான்கு மணி நேரம். பைக்குள்ளே பிரிக்காத டயப்பர் இருபத்து நான்கு. என் சைஸில் ஒன்றுகூட இல்லை.