இல்லாத கோப்பின் பெயர்

கண்டியிலுள்ள ஒரு கம்பனிக்காக வீட்டிலிருந்தபடியே கையேடுகளைப் படித்துப் புள்ளி போடுவது என் வேலை. மனிதர்கள் படிக்கும் கையேடுகள் அல்ல. இட்ட வேலையைத் தானே செய்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்றுக்காக எழுதப்பட்டவை. கையேட்டில் இருப்பதை ஏஜென்ட்டைக் கொண்டு செய்வித்துப் பார்த்து, சொன்னபடி நடக்கிறதா என்று எழுத வேண்டும்.

பெருமழைக்குப் பிறகு எனக்கு வந்த முதல் வேலை, படங்களை இணையத்தில் ஏற்றும் கருவியின் கையேடு. அந்த மழையில்தான் கலகெதரப் பக்கம் மண் சரிந்து என் ராத்தா, மூத்த சகோதரி, மௌத்தாகியிருந்தார். அவர் கணவர், என் மச்சான், கால் முறிந்து ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். பிணவறைக்கு வர அவரால் முடியவில்லை. அதனால் ராத்தாவின் முகத்தை நான் போனில் படமெடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "ஓ, அவதான்" என்று மட்டும் சொன்னார். வீடு போய்விட்டதால், பிறகு கெலிஓயாவில் எங்களோடு வந்து தங்கினார்.

கொடுத்த பெயரில் படம் இல்லாவிட்டால் கருவி பிழைச் செய்தி தரும் என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. அதைச் சோதிக்க, இல்லாத ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தேன். பிழைச் செய்தி வரவில்லை. கேட்ட படம் கிடைக்கவில்லை, கடைசியாகச் சேர்ந்த படத்தை ஏற்றிவிட்டேன் என்று சொல்லி ஏஜென்ட் ஒரு லிங்க் தந்தது.

திறந்தேன். ராத்தா. சேறு பட்ட முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வாசலுக்கு யாராவது வந்தால் முக்காட்டை இழுத்துவிடாமல் எட்டிப் பார்க்காதவர். போனில் எடுப்பதெல்லாம் தானாகவே கணினிக்கு வந்துவிடும். அந்தப் படத்துக்குப் பிறகு நான் வேறு எதையும் எடுத்திருக்கவில்லை.

ஏற்றிய படத்தை எப்படி அழிப்பது என்று கையேடு முழுக்கத் தேடினேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. லிங்க் உள்ள எவரும் படத்தைப் பார்க்கலாம் என்பதை மட்டும் ஒரு வசதியாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் குழுவுக்குப் பொறுப்பானவர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். அவருக்குப் போனில் எடுத்துச் சொன்னேன்.

"ஐயோ தம்பி" என்றார். "ஆனா கம்பனியில ஆதாரம் கேப்பாங்கள். எந்தப் படம் ஏறினதெண்டு காட்டவேணும். வேற படம் வைச்சு இன்னொருக்காச் செய்து பாருங்கோ."

தேநீர்க் கோப்பை ஒன்றைப் படமெடுத்து வைத்துத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் கையேட்டில் சொன்ன அதே பிழைச் செய்தி ஒழுங்காக வந்தது. ஆதாரம் என்று இருந்தது ராத்தாவின் முகம் மட்டும்தான்.

மச்சான் காலை நீட்டிக் கதிரையில் இருந்தார். சொன்னேன்.

"அவட தலைல முக்காடு இல்லயே" என்றார்.

"ஓ."

"அழிக்க ஏலாதா?"

"ஏலுமாண்டு எழுதி இல்ல மச்சான். அந்தப் படத்தோட ரிப்போட் அனுப்பினா பாப்பாங்க."

"அப்ப இன்னும் ஆக்களுக்குக் காட்டணும்." என் முகத்தைப் பார்த்தார். "மூடி அடக்கின முகம். வேணாம்."

லிங்க்கை மட்டும் அந்த அம்மாவுக்கு அனுப்பி, தயவுசெய்து இதை அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். சில நாட்களில் அவர் போனில் பேசினார்.

"எடுத்தாச்சு தம்பி. சரியான படம்தானோ எண்டு ஆரும் பாக்காமல் எடுக்கேலாதெண்டாங்கள். வேற ஆக்கள் பாக்கக்கூடாதெண்டு நானே திறந்து பாத்தனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் அறிவித்திருந்த பிழை, மீண்டும் நிகழவில்லை என்ற குறிப்போடு மூடப்பட்டது. அந்தப் பகுதிக்கு நான் போட்ட குறைந்த புள்ளியைக் கூட்டச் சொன்னார்கள். நான் கூட்டவில்லை. கையேட்டை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் நல்ல புள்ளி போட்டார்.

மச்சானிடம் போய், லிங்க் இப்போது திறப்பதில்லை என்றேன்.

"வேற எங்கயும் அந்தப் படம் ஈக்குமா?"

"தெரியா மச்சான்."

போனைக் கேட்டார். ராத்தா யாரையும் தன்னைப் படமெடுக்க விடாதவர். கலியாண அல்பமும் வீட்டோடு மண்ணுக்குள் போயிருந்தது. அவர் முகம் என்று எங்களிடம் மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். அது மச்சானுக்கும் தெரியும். போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டார். காட்டினேன். தன் விரலாலேயே அழித்தார்.

"கம்ப்யூட்டர்ல ஈக்கிறதயும்" என்றார்.

நான் எழுந்து போய் அதையும் அழித்தேன்.