ரோடியோக் குதிரை கொலோனுக்குப் போகிறது

கெல்சென்கிர்ச்சன் மைதானத்தில் ரோடியோ என்னும் குதிரைச் சாகசக் காட்சி முடிந்துவிட்டது. அகலத் தொப்பி போட்ட ஜெர்மன்காரர்கள் குதிரைகளை லொறியில் ஏற்றுகிறார்கள். அடுத்த காட்சி கொலோன் நகரில். பழுப்புக் குதிரை மட்டும் ஏற மறுத்து, தன்னைப் பராமரிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணையையே பார்த்து நிற்கிறது. அகதி வழக்கு முடியாத அவர் அனுமதியில்லாமல் இந்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அனுமதி கேட்டதற்கு வந்த ஜெர்மன் மொழிக் கடிதத்தை, காட்சி பார்க்க வந்த என்னிடம் நீட்டுகிறார்.

"தங்கச்சி, டொச் வாசிப்பியளோ?"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். பெருமையோடு வாங்குகிறேன்.

"ஏலாதாம், அண்ணை."

"வடிவாப் பாத்தனீங்களோ? இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசிக்கிறேன். அதேதான்.

அவர் குதிரையின் கண்களைத் துணியால் கட்டி, கழுத்தைத் தடவியபடி லொறிக்குள் நடத்திப்போகிறார். தனியே இறங்கி வருகிறார்.