காதலுக்குத் துரையின் அனுமதி

மருமகள் வாங்கி வந்த அமெரிக்க நாவலின் பின்னட்டையில் 'கைகூடாத காதலின் அமர காவியம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தன்னை விரும்பாத ஒருத்திக்காக ஒருவன் வருடக்கணக்கில் காத்திருந்து செத்துப்போகும் கதை. பிரித்து முகர்ந்தேன். தாள் புதிது, எனக்கு வந்த எரிச்சல் பழையது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பதுளை அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் நாங்கள் நாலு பேர் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். அங்கே இதே நாவலுக்கு நனைந்த கம்பளியின் மணம். பதுளை மழையில் எதுதான் காய்ந்தது? சிவபாலன் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பான். நானும் படித்தேன். இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ். நாயகன் சரியான விசரன், முழுப் பைத்தியம். சிவபாலனுக்கோ அவன்தான் வழிகாட்டி.

ரோசலின், ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். தோட்டத் தொழிலாளியான தகப்பனின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தோடு கச்சேரிக்கு வந்தாள். சிவபாலன் வாங்கி முத்திரை குத்தினான். அவள் சிரித்தாள். கவுண்டரில் காரியம் முடிந்தால் எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பெயர் நிம்மதி. இவன் வேறு பெயர் வைத்துவிட்டான்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய், அவர்கள் குடியிருந்த லயத்துக்கு எதிர்ச் சரிவில் நிற்கத் தொடங்கினான். நாவலில் வருகிறவனும் அப்படித்தான் நிற்பான். குடை மட்டும் நம்மவனின் சேர்க்கை.

அந்தக் காலத்தில் தோட்டம் என்பது அதை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் சொந்த வளவு. தொழிலாளியின் மைத்துனன் செத்தவீட்டுக்கு வந்தாலும் துரையிடம் அனுமதி கேட்கவேண்டும். கேட்காமல் ஒருவன் காற்சட்டையோடு உள்ளே நின்றால் அவன் யூனியன் ஆள், கூட்டம் போட வந்தவன். வேறு விளக்கம் எந்தத் துரைக்கும் தோன்றாது. நடைமுறையை நான் சிவபாலனிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"காதலுக்குப் பெர்மிட்டோ, மச்சான்? அவள் ஒருநாள் விளங்கிக்கொள்ளுவாள்."

"அவள் வேண்டாமெண்டு சொன்னது உனக்கு விளங்கேல்லையே?"

"நாவலிலையும் முதல் வேண்டாமெண்டுதான் சொல்லுறாள்."

"கடைசியிலையும் அதைத்தான்ரா சொல்லுறாள்."

ஒருநாள் ரோசலினே என் கவுண்டருக்கு வந்தாள். "சார், ஒங்க கூட்டாளிகிட்ட நீங்களாவது சொல்லுங்க. நான் வேணாம்னு சொல்லியாச்சு. எங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு. மழையில நிக்கிறதப் பாக்கப் பாவமாத்தான் இருக்கு. ஆனா தொரை கண்டா அவர ஒண்ணும் செய்யமாட்டாருங்க. எங்களத்தான் தோட்டத்தவிட்டு எறக்குவாரு."

ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அவனுக்கு அதில் வேண்டியது ஒன்றுதான். "பாவமெண்டு சொன்னவளோ? இரக்கம் வந்திட்டுது, மச்சான்."

அடுத்த ஞாயிறு தோட்டத்துக் காவல்காரன் அவனைப் பிடித்தான். அத்துமீறிப் புகுந்ததாகப் பொலிசில் கொடுத்தார்கள். கச்சேரிக் கிளாக்கர் என்று தெரிந்ததும் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு எச்சரிக்கைக் கடிதம், அம்பாந்தோட்டைக்கு இடமாற்றம். அதோடு சரி.

துரையின் கோபம் எங்கேயாவது இறங்கவேண்டுமே. வெளியாளை வரவழைத்தாள் என்று ரோசலினின் வேலை போயிற்று. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது தாய்க்கும் தகப்பனுக்கும் பத்துச்சீட்டு, அதாவது வேலையிலிருந்து விலக்கும் துண்டு, நீட்டப்பட்டது. வேலை இல்லையென்றால் லயக் காம்பிராவும் இல்லை. பிரஜாவுரிமை விசாரணைக்குப் போனவர் முகவரியில் ஆளில்லை என்று எழுதிவர, கோப்பை மூடினார்கள். ஒழுங்கின்படி அது சரியான முடிவு. ஒழுங்கு எனக்கு மனப்பாடம்.

பிரஜாவுரிமையும் இல்லாமல், இந்தியாவுக்குப் போக, பதுளை ஸ்டேசனில் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு மூட்டையுமாக நின்றார்கள். இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டேன்.

"தாத்தா பேரு சொல்லுவாரு, திருச்சிப் பக்கமாம். எங்கப்பாவே பாத்ததில்லங்க," என்றாள் ரோசலின். சிவபாலனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவன் அம்பாந்தோட்டையிலிருந்து எழுதினான்: 'அவளுக்காக அழிந்துபோனேன்.' அடுத்த வருடமே சீதனத்தோடு கல்யாணம். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

இப்போது அந்தத் துரைமார் இல்லை. அந்தச் சரிவில் யாரும் ஏறி நிற்கலாம், கேட்க ஆளில்லை. லயத்தை இடித்துவிட்டார்கள். ரோசலினிடம் படித்த பிள்ளைகளிலும் பாதிப்பேர் பின்னாளில் அவள் போன வழியே, தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டார்கள். பிறகு அந்தக் கப்பலும் நின்றுவிட்டது.