அப்பா பார்த்த பாட்டுக் காலேஜ்

அக்கா பன்னிரண்டாவது முடித்த விடுமுறையில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. அம்மா பி.காம். கட்சி. திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும், கல்யாணம் பேசும்போது சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும் என்பது அம்மாவின் வாதம். அக்கா பாட்டுக் கட்சி. சிறு வயதிலிருந்து திருப்பூர் ராயபுரத்தில் ஒரு டீச்சரிடம் பாட்டுக் கற்று வந்தவள், இனிப் பட்டமும் அதில்தான் வாங்குவேன் என்று நின்றாள். அப்பா எந்தக் கட்சி என்று யாருக்கும் தெரியாது. நான் ஆறாவது போகவிருந்தேன். சோறு போடுகிற கட்சியில் இருந்தேன்.

குண்டடத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. மழை ஏமாற்றிய வருடங்களில் அப்பா அதை விட்டுவிட்டுத் திருப்பூர் வந்து, பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்களுக்கு நடுவே வேலைக்கு நின்றார். பிறகு ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சொந்தமாக ஷெட் போட்டார். சொந்த ஷெட் என்றாலும் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்பது அவர்தான். மிஷின்கள் ஓடும்போது அங்கே பேச்சு எடுபடாது, எல்லாம் கை ஜாடைதான். வீட்டுக்கு வந்த பிறகும் அப்பா உரக்கவே பேசுவார். வருகிறவர்கள் அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அக்கா சண்டை போடவில்லை. பாடுவதை நிறுத்திவிட்டாள். காலையில் சாதகம் செய்யும் நேரத்தில் பாத்திரம் கழுவினாள். வீடு என்னவோ போல் இருந்தது, எனக்குக்கூட அது தெரிந்தது. ஒரு நாள் சாப்பாட்டின்போது அப்பாதான், டீச்சர் வீட்டுக்குப் போகிறாளா என்று சாதாரணமாகக் கேட்டார்.

அம்மா அவரை வியப்பாகப் பார்த்தாள். “ஏனுங்க, அவ பாட்டையே உட்டுட்டாளே. ஊட்டுக்குள்ளயே இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியலீங்களா?”

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தட்டைப் பார்த்தாள். கை கழுவிவிட்டு வந்து அப்பா சொன்னார்: “காலேஜப் பாப்போம். நல்ல காலேஜாவும் இருக்கோணும், நம்மால கட்ட முடியறதாவும் இருக்கோணும். ரெண்டும் அமைஞ்சா போகட்டும்.”

அம்மா ஒத்துக்கொண்டாள், ஒரு கெடுவோடு. பி.காம். இடத்தை அடுத்த வாரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். அதற்குள் பாட்டுக் காலேஜ் அமையாவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. அப்படி இரண்டும் பொருந்திய கல்லூரி உலகத்திலேயே இருக்காது என்று அம்மா நம்பியிருக்க வேண்டும்.

தேடும் வேலை மாமாவிடம் வந்தது. மாமா அம்மாவின் தம்பி, ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். சாயப்பட்டறைகளுக்குப் போன் போட்டு ரேட் கேட்பதுபோல் கல்லூரிகளுக்குப் போன் போட்டு ரேட் கேட்டார். பெயர் பெற்ற இடங்களின் கட்டணம் கேட்டு அவரே இரண்டு தரம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மலிவான இடங்களில் சிலவற்றில் பாட்டு என்பது ஆண்டு விழாவுக்கு மட்டும் என்று தெரிய வந்தது. ஒரு கல்லூரியில், பாட்டுப் பிரிவு இருக்கிறது, சேர ஆள்தான் இல்லை, உங்கள் பெண் வந்தால் அவள்தான் முதல் ரேங்க் என்றார்களாம். இதை மாமா நல்ல செய்தியாகத்தான் வந்து சொன்னார். கடைசியில் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு மிஞ்சின.

முதலாவது கோவைப் பக்கம். மாமாவின் காரில் எல்லோரும் போனோம். கண்ணாடிக் கட்டடம், உள்ளே ஊட்டி போலக் குளிர். ஒலிப்பதிவு செய்யும் அறையைக் காட்டினார்கள். கேண்டீனில் பப்ஸ் சூடாக இருந்தது, நான் அந்த நிமிடமே அக்காவை அங்கே சேர்த்துவிட்டேன். கட்டணம் அதிகம்தான், ஆனால் தவணை உண்டு என்றார்கள். அப்பா ஒன்றே ஒன்று கேட்டார், ஒரு வகுப்பில் சற்று நேரம் உட்கார முடியுமா என்று. துறைத் தலைவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே கூட்டிப் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஒரு பையன் எழுந்து பாடினான். நன்றாகத்தான் பாடினான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே டீக்கடையில், எப்படி மச்சான் இருக்குது என்று மாமா கேட்டார்.

“அந்தப் பையன் பாடறப்ப ஒருத்தரும் அவனத் திரும்பிப் பாக்கல மாப்ள.”

பாட்டைக் கேட்கத்தானே வேண்டும், பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றார் மாமா. அப்பா டீயைக் குடித்தார்.

இரண்டாவது கல்லூரி கரூர் தாண்டி, காவிரியை ஒட்டிய ஓர் ஊரில் இருந்தது. அரசாங்கக் கல்லூரி. கட்டணம் மாமாவுக்கே சந்தேகம் வரும் அளவுக்குக் குறைவு. இந்த ரேட்டில் தரம் இருக்காது என்று சொல்லிவிட்டு, ஷிப்மெண்ட் இருப்பதாக நின்றுகொண்டார். அம்மாவும் வரவில்லை. அப்பா, அக்கா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம்.

சுண்ணாம்பு உதிர்ந்த பழைய கட்டடம். கேண்டீன் கிடையாது. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஒரு கூடத்தில் பாயில் உட்கார்ந்து வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் வயலினில் ஒரே வரியை வாசித்தாள். ஆசிரியர் தலையசைத்தார், மறுபடியும் வாசித்தாள். மறுபடியும் அதே வரி. எனக்குத் தூக்கம் வந்தது. அப்பா வாசலில் நின்று கூடம் முழுவதையும் பார்த்தார். சுற்றியிருந்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தடுமாறும் இடத்தில் அத்தனை கைகளும் நின்றன, அவள் எடுத்ததும் அத்தனையும் மறுபடி விழுந்தன. எங்களுக்கு வழி காட்ட வந்த அலுவலக ஊழியரின் விரல்கூடக் கதவில் தட்டிக்கொண்டிருந்தது. அப்பா அக்காவின் பக்கம் திரும்பி, போய்ப் பாடு என்பதுபோல் கையைக் காட்டினார்.

அன்றைக்கே நுழைவுத் தேர்வும் இருந்தது, வேறோர் அறையில். மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள், நடுவில் வயதான ஓர் அம்மா. அப்பாவை உள்ளே சுவரோரம் உட்காரச் சொன்னார்கள். நான் வாசல்படியில் இருந்தேன். அக்கா பல நாளாகப் பாடாதவள். தொடக்கத்தில் குரல் கரகரத்தது. மேலே போகும் ஓரிடத்தில் சட்டென்று உடைந்து நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தம்பூரா மட்டும் கேட்டது. அக்கா கண்ணைத் திறக்காமல் அதே வரியை மறுபடி எடுத்தாள், இந்த முறை மேலே போனாள், அங்கேயே நின்றாள், பிறகு மெதுவாக இறங்கி வந்தாள். நடுவில் இருந்த அந்த வயதான அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பாடி முடித்ததும் அவர் கண்ணாடியை மறுபடி மாட்டி, ஏதோ எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் அப்பாவிடம் கேட்டார்: “நல்லா வருவா. ஆனா இப்படி வர்ற பொண்ணுங்களப் பாதியில கல்யாணம்னு கூட்டிட்டுப் போயிடறாங்க. நீங்களும் அப்படித்தான் செய்வீங்களா?”

அப்பா சிரித்த முகத்தோடு, “ஆமாங்க” என்றார்.

அந்த அம்மாவின் பேனா நின்றது. பெரிய மனிதர்கள் முன்னால் அப்பா பயந்துவிட்டார் என்று நினைத்தேன், எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா எழுந்து போய் அப்பாவுக்கு நேர் எதிரே குனிந்தாள். உதடு நன்றாக அசைய, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: “அப்பா, படிப்ப நிறுத்தி எனக்குக் கல்யாணம் பண்ணிருவீங்களான்னு கேக்கறாங்க.”

அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து கைகூப்பினார். “இல்லீங்கம்மா. அவ முடிக்கற வரைக்கும் நா கூட்டிட்டுப் போக மாட்டனுங்க. இது நாங் குடுக்கற வாக்குங்க.” அவர் ஷெட் குரலில் சொன்னதால் பக்கத்துக் கூடத்து வயலின் கொஞ்சம் நின்றுவிட்டுத் தொடர்ந்தது.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, விடுதிக்கு எடுத்துப்போகப் பருப்புப்பொடி இடித்தாள். இரண்டாம் வருடம் நல்ல இடத்தில் மாப்பிள்ளை வந்தபோது ஒருமுறை பேச்செடுத்துப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார் அப்பா. அக்கா முடித்தாள், மேலும் படித்தாள், இப்போது அவளே ஒரு கல்லூரியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் அக்கா முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்ததுமே தூங்கிப்போனாள். நானும் அப்பாவும் பின்னால் இருந்தோம். கரூர் தாண்டியதும் அப்பா என் பக்கம் சாய்ந்து, அக்கா எப்படிப் பாடினாள் என்று கேட்டார். எப்போதும் போலத்தான் என்றேன். அது போதவில்லை. முதலில் எப்படி எடுத்தாள், எங்கே நின்றாள், நின்ற பிறகு எப்படிப் போனாள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தில் போல எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று நினைத்தேன்.

“நீங்க உள்ளயே தானுங்கப்பா உக்காந்திருந்தீங்க” என்றேன்.

“இருந்தேன் கண்ணு. நீ பாடிக் காட்டு. காதுகிட்ட வந்து பாடு.”

மிஷின்களுக்கு நடுவில் கழிந்த வருடங்கள் அப்பாவின் காதுகளில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டன என்பது அக்காவுக்கு அப்போதே தெரியும். எனக்குத் தெரிய இன்னும் நாளிருந்தது. பஸ் சத்தத்துக்கு மேலே, அவர் காதில் வாயை வைத்து, அக்கா உடைந்த இடத்தையும் ஏறிய இடத்தையும் என் கட்டைக் குரலில் கத்திக் கத்திப் பாடினேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் என்றார். மறுபடியும் பாடினேன். அவர் முகத்தைப் பார்த்தபோது, நானும் நன்றாகத்தான் பாடுகிறேன் போலிருக்கிறது, நான் பன்னிரண்டாவது முடித்ததும் அப்பா எனக்கும் இப்படி ஒரு காலேஜ் தேடுவார், அதில் கட்டாயம் கேண்டீன் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.