பக்கத்தில் வைத்துப் பார்

வெளிறிய குட்டியைத் தனியாகப் பார்க்காதே, கூடப்பிறந்ததன் பக்கத்தில் வைத்துப் பார். அமெரிக்காவின் மெய்ன் கரையோரத்து ஆய்வுக்கூடத்தில் எலி வளர்க்கச் சேர்ந்த அன்று வெர்னாவுக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான். புதிதாய்ப் பிறந்த எலிக்குட்டி தனியே கிடந்தால் சிவப்பாகத்தான் தெரியும். இன்னொன்றோடு சேர்த்து வைத்தால் குட்டு உடைந்துவிடும். இரத்தம் சுண்டிப் பிறந்தவற்றைப் பிரித்து ஆய்வுக்கு மாடிக்கு அனுப்ப வேண்டும். எப்படியும் அவை பிழைக்காது.

அவளுடைய தலைச்சன் பிள்ளையும் பிழைக்கவில்லை. வெளிறிப் பிறந்தான், மஞ்சள் பூத்தான், ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டான். கடவுள் சித்தம் என்றார் பாதிரியார். எலிகளிடம் அந்தச் சமாதானம் செல்லாது. தாயும் தகப்பனும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். இரண்டிலும் நோய் ஒளிந்திருந்தால் நான்கில் ஒரு குட்டி வெளுக்கும். சிவப்பாகப் பிறப்பவற்றிலும் பாதிக்கு மேல் அதை உள்ளே சுமக்கும். வெர்னாவுக்கும் கணவன் எல்வுட்டுக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா. அவர்கள் பிறந்து வளர்ந்த சின்னத் தீவில் வேறு யாரைத்தான் கட்டுவது?

மறுபடி அவள் உண்டானபோது எல்வுட் சிங்கி இறால் கூண்டுக்கு வலை முடைந்தபடி சொன்னான்: "நாலுல ஒண்ணுதானே? அது போயாச்சு. இனி எல்லாம் நல்லதுதான்."

"எலிங்களும் உன்னை மாதிரிதான் கணக்குப் போட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதுசாத்தான்யா குலுக்குறாங்க."

அன்றிலிருந்து வெளிறிய குட்டியை எடுக்கும்போதெல்லாம் மறுகையால் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பெண் பிறந்தாள். நாளைக்கு இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் போய்விட்டார். நாளை வரை எந்தத் தாய் பொறுப்பாள்? வெர்னா குழந்தையின் பாதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பா, வெளுப்பா, ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க அண்ணன் இல்லை.

அடுத்த கட்டிலில் அவள் தீவுக்காரி லூயெல்லா, முந்தின நாள் பெற்ற ஆண்குழந்தையோடு படுத்திருந்தாள்.

"உன் பையனைக் கொஞ்சம் குடேன்."

"ஏண்டி, ஒண்ணு பத்தலையா உனக்கு?" சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

இருவரையும் அருகருகே கிடத்தி, துணியை விலக்கி, பாதங்களைச் சேர்த்துப் பிடித்தாள். ஒரே சிவப்பு. மறுபடியும் பார்த்தாள். அதே சிவப்பு. அடக்கமாட்டாமல் அழுதாள்.

"அட, ஜோடிப் பொருத்தத்தப் பாரு!" என்றாள் லூயெல்லா. "வேற இடமே தேட வேணாம், சம்பந்தி. இப்பவே பேசி முடிச்சிடுவோம்."

லூயெல்லாவுக்கும் அதே கொள்ளுத்தாத்தாதான். வெர்னா மகளை வெடுக்கென்று எடுத்து, அந்தப் பையனுக்கு எட்டாத தோளில் போட்டுக்கொண்டாள்.